அட்டைப்பெட்டியை எடைக்குப் போடாதீங்க

குழு: திருநகர் வீடு

காலை 8.12

வள்ளி: பரணைக் காலி பண்ணியாச்சு. பழைய சாமான்காரர் 11 மணிக்கு வருகிறார். யாருக்கு என்ன வேணுமோ இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் "என்னைக் கேட்கவே இல்லை" என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

வள்ளி: (படம்) (படம்) (படம்)

சேகர்: மேலூர் பஸ்ஸில் இருக்கிறேன். நான் வராமல் எதையும் கொடுக்காதே.

வள்ளி: போன ஞாயிறும் இதையேதான் சொன்னீங்க அண்ணே.

புனிதா: பித்தளை அண்டா?

வள்ளி: இருக்கு.

புனிதா: அது யாருக்கும்மா?

வள்ளி: ஒரு அட்டைப்பெட்டி நிறைய பிளாஸ்டிக் பொம்மை. கொம்பு வச்சது, ரெக்கை வச்சது, மீன் தலை வச்சது. எண்ணினேன், 17. ஒவ்வொன்றும் ஒரு வட்டக் கட்டை மேல் நிற்கிறது. எடைக்குப் போட்டால் 30 ரூபாய் தேறுமா?

கார்த்தி: அத்தை போடாதீங்க

கார்த்தி: போடாதீங்க போடாதீங்க

கார்த்தி: அது ஸ்கைலேண்டர்ஸ்!!

சேகர்: ஆபீஸில் மீட்டிங் என்றாய். எதற்கு இத்தனை ஆச்சரியக்குறி.

வள்ளி: அம்மா எல்லாவற்றையும் சபீனா போட்டுக் கழுவிக் கொண்டிருக்கிறாள். கொலுவில் வைக்கலாமாம்.

கார்த்தி: ஐயோ. சரி, நிழலில் காய வைங்க. அடிக்கட்டைக்குள்ளே ஒரு சின்ன சிப் இருக்கு. பேட்டரி எல்லாம் கிடையாது. மெட்ரோ கார்டு மாதிரி. பெட்டியில் ஒரு வட்டத் தட்டு இருக்கணும், அதன் மேல் பொம்மையை வைத்தால் தட்டில் இருந்து வரும் ரேடியோ அலையே சிப்புக்கு உயிர் கொடுக்கும். டிவிக்குள்ளே அதே பொம்மை எழுந்து நடக்கும். 2011-இல் ஆக்டிவிஷன் கம்பெனி விட்டது. முதல் விளையாட்டில் மொத்தம் 32 பொம்மை, 8 இனம், இனத்துக்கு 4. நெருப்பு, தண்ணீர், மண், காற்று என்று. வாங்கும் பெட்டியில் 3 தான் இருக்கும். விளையாட்டில் சில கதவுகள் அந்தந்த இனத்துப் பொம்மைக்கு மட்டும்தான் திறக்கும். அதனால் 8 கதவுக்கும் ஆள் வேணும் என்றால் இன்னும் 5 வாங்கணும். போதாததற்கு ஒரு பொம்மை அடிபட்டு விழுந்தால் அந்தக் கட்டம் முடியும் வரை அதற்கு ஓய்வு, வேறு பொம்மையை வைக்கணும். இப்படித்தான் 17 ஆச்சு.

புனிதா: 👍

சேகர்: முழுசாப் படிக்கவில்லை. பஸ் குலுக்குகிறது.

பழனி: இங்கே ராத்திரி 10. கதவு திறக்கவில்லை சித்தப்பா, கதவு திறக்கவில்லை சித்தப்பா என்று போனில் உயிரை எடுத்தான். ஒன்று 8 டாலர், 10 டாலர்.

வள்ளி: ஆமா. அவனுக்கு டாலர் டாலரா பொம்மை வந்தது. என் மகளுக்கு ஒரு நெயில் பாலிஷ் வந்தது.

பழனி: அக்கா, அது 2012.

வள்ளி: தேதி எனக்கும் தெரியும்.

புனிதா: அம்மா விடு. காய்ந்து போன நெயில் பாலிஷ் வேற.

காலை 8.47

வள்ளி: வட்டத் தட்டு கிடைத்தது. அடியில் பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கு. (படம்)

கார்த்தி: கூடவே பென்டிரைவ் மாதிரி ஒன்று இருந்ததா?

வள்ளி: அதைக் கவினுக்கு ஸ்கூல் புராஜெக்ட்டுக்குக் கொடுத்துட்டேனே.

புனிதா: அதுதானா!! அவன் கம்ப்யூட்டரில் சொருகிச் சொருகிப் பார்த்து "அம்மாச்சி ஓட்டைப் பென்டிரைவ் கொடுத்துட்டாங்க" என்று அழுதான்.

கார்த்தி: அது பென்டிரைவ் இல்லை. அது இல்லாமல் தட்டு பேசாது. பத்திரமா வை மதினி.

சேகர்: அந்த கேம் பெட்டி என்னாச்சு? அதற்கு நான் டவுன்ஹால் ரோட்டில் ஸ்டெப்டவுன் வாங்கிக் கொடுத்தேன்.

பழனி: அண்ணே நீங்க வாங்கினது ரெண்டாவது அடாப்டர் எரிந்த பிறகு. அமெரிக்கா கரண்ட் 120, நேரா சொருகாதே என்று முதல் நாளே சொன்னேன்.

சேகர்: நான் சொருகவில்லை. அப்பா சொருகினார்.

கார்த்தி: தாத்தா சொருகவில்லைப்பா.

சேகர்: சரி அது கிடக்கட்டும்.

புனிதா: இப்போ விலை போகுமா? நெட்டில் பொம்மைக்கு லட்சம் லட்சமா தருகிறார்கள் என்று கவின் சொல்கிறான்.

கார்த்தி: பெட்டி பிரிக்காத அபூர்வப் பொம்மைக்குத் தருவார்கள். நாம் பெயிண்ட் உரிய விளையாடியதற்குத் தர மாட்டார்கள். அந்தக் காலத்தில் இதற்கு இருந்த கிராக்கியே வேற. ஸ்கைலேண்டர்ஸ் ஓடுவதைப் பார்த்து 2013-இல் டிஸ்னி இறங்கியது, 2014-இல் நின்டெண்டோ, 2015-இல் லெகோ. வருஷா வருஷம் புது விளையாட்டு, புது மாதிரிப் பொம்மை. ஒரு வருஷம் பெரிய பொம்மை, அடுத்த வருஷம் இடுப்போடு கழற்றி மாற்றும் பொம்மை, அப்புறம் வண்டி. சிலதற்குத் தட்டையும் மாற்றணும். அம்மா அப்பாக்களுக்கு அலுத்துப் போச்சு, கடைகளில் தேங்கிப் போச்சு. 2016-இல் டிஸ்னி நிறுத்தியது. ஸ்கைலேண்டர்ஸுக்கும் அந்த வருஷம் வந்ததுதான் கடைசி பெரிய விளையாட்டு. 2017-இல் லெகோ. நின்டெண்டோவுடைய அமீபோ பொம்மை மட்டும் தாக்குப் பிடித்தது, ஏனென்றால் அது ஒரே விளையாட்டுக்கு என்று கட்டிப் போட்டதில்லை.

வள்ளி: அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "விளாச்சேரியில் வாங்கின என் செட்டியார் பொம்மைக்கு இத்தனை வருஷத்தில் தட்டு மாற்றினேனா" என்கிறாள்.

பழனி: 😂😂

சேகர்: மாட்டுத்தாவணி வந்தாச்சு. யாராவது சாப்பிட ஏதாவது சொல்லி வைங்க.

காலை 9.30

வள்ளி: கார்த்தி, மீன் தலைப் பொம்மை அடியில் ஸ்கெட்ச் பேனாவில் சோ என்று எழுதியிருக்கு. தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை.

கார்த்தி: தேய்க்காதீங்க! அது தாத்தா எழுதினது.

கார்த்தி: அந்த பொம்மை பெயர் கில் கிரண்ட். கையில் துப்பாக்கி, தண்ணீரும் பீய்ச்சும். நாம் வைக்கும் பெயர், சேர்த்த காசு, ஏறின லெவல் எல்லாம் பொம்மையின் சிப்பிலேயே எழுதிக் கொள்ளும். இன்னொரு வீட்டுத் தட்டில் வைத்தாலும் அதே பெயரோடு எழுந்து வரும். அந்த மே மாசம் பூரா தாத்தா என் பக்கத்தில் ஈஸிசேரைப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருப்பார். இவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் தாத்தா என்றேன். தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துவிட்டு "சோணை என்று போடு" என்றார். இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடியும், அடித்தேன். ஒவ்வொரு தடவை அவன் அடிபட்டு விழும்போதும் தாத்தா தொடையில் தட்டிச் சிரிப்பார்.

பழனி: டேய்

சேகர்: கார்த்தி அதை டெலீட் பண்ணு.

கார்த்தி: ஏன்?

சேகர்: குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்.

செல்வி: படித்துவிட்டேன் அண்ணே.

செல்வி: எங்க அப்பா பெயரையா பொம்மைக்கு வச்சார் பெரியப்பா?

வள்ளி: செல்வி அக்கா, அது சும்மா விளையாட்டுக்கு.

செல்வி: தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்து ஞாபகம் வந்ததாக்கும். மோட்டார் பம்புக்கு வாங்கின 4,000 ரூபாய்தானே? அதை அப்பா இரண்டு தவணையாகத் திருப்பிக் கொடுத்தார். அம்மா கூட நின்றாள்.

சேகர்: ஒரு தவணை.

செல்வி: இரண்டு.

சேகர்: அப்பா நோட்டில் ஒன்றுதான் வரவு.

பழனி: அண்ணே, சகலை இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. நோட்டை மூடுங்க.

வள்ளி: அந்த நோட்டும் பரணில்தான் இருந்தது. எடைக்கு வச்சிருக்கேன்.

சேகர்: அதைக் கொடுக்காதே!

புனிதா: அண்டாவைப் பற்றிக் கேட்டேன்.

காலை 10.05

செல்வி: கார்த்தி.

கார்த்தி: சொல்லுங்க அத்தை. ஸாரி.

செல்வி: விடுப்பா. கடைசியில் அந்த பொம்மை எவ்வளவு லெவல் ஏறினது?

கார்த்தி: 10. அந்த விளையாட்டில் அதுதான் உச்சம். எங்களிடம் 10 வந்தது அவர் ஒருத்தர்தான். டிராகனைக் கூட அவ்வளவு விளையாடவில்லை. தாத்தா வேற யாரையும் வைக்க விட மாட்டார்.

செல்வி: ம்.

செல்வி: எங்க அப்பாவும் பெரியப்பாவும் நாலு வருஷம் பேசவில்லை. அந்த மே மாசமும் அதற்குள்தான் வரும்.

(யாரும் எதுவும் எழுதவில்லை. 10.19 வரை.)

வள்ளி: அம்மா ஒன்றும் சொல்லவில்லை அக்கா. அந்த மீனை மட்டும் துடைத்துத் தனியா வச்சுட்டாள்.

பழனி: கார்த்தி, பழைய தட்டு ஒன்று இங்கே கராஜ் சேலில் கிடைக்குமா பார்க்கிறேன். உன் கேம் பெட்டி எது? நின்டெண்டோ வீயா?

கார்த்தி: வீ தான் சித்தப்பா. தட்டு மாறிப் போனால் வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸ் தட்டு வாங்கிடாதீங்க. பொம்மைதான் எல்லாவற்றிலும் ஓடும்.

பழனி: சரி. எப்போ வருவேன் என்று கேட்காதே.

வள்ளி: வரும்போது புனிதாவுக்கும் ஏதாவது.

செல்வி: கவினிடம் இருக்கிற அந்த பென்டிரைவை வாங்கி வை புனிதா. தொலைத்துவிடப் போகிறான்.

புனிதா: அவன் அதை யாருக்கோ அழிரப்பருக்கு மாற்றிவிட்டான் போல. கேட்டுக் கொண்டிருக்கிறேன்.

கார்த்தி: மதினி 😭

வள்ளி: சாமான்காரர் சீக்கிரமே வந்துட்டார். தராசை இறக்குகிறார். அண்ணே எங்கே இருக்கீங்க?

சேகர்: பழங்காநத்தம். சிக்னல். நோட்டைக் கொடுக்காதே.

செல்வி: மீன் எனக்கு.

கார்த்தி: அத்தை அது...

செல்வி: உனக்குத் தட்டு வந்ததும் தருகிறேன். பார்த்துக் கொள்ளலாம்.

புனிதா: அண்டா?