பெல்லினா அப்டேட்: பழைய தண்டுலயே அடுத்த பூ

போன தடவை பெல்லினா ஆர்க்கிட் (ஃபலனாப்சிஸ் வகை) பத்தி போட்டப்ப, பூ உதிர்ந்ததும் பூத்தண்ட வெட்டிடுங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, நான் வெட்டல, இப்ப அதே தண்டு நுனியில மொட்டு வந்து விரிஞ்சும் போச்சு. கடையில கிடைக்கிற வெள்ளை ஹைப்ரிட் (கலப்பின) ஆர்க்கிட் மாதிரி கொத்தா பூக்காது, ஒண்ணு ரெண்டாத்தான் வரும், ஆனா தண்டு பச்சையா இருக்கிற வரைக்கும் விட்டு விட்டு பூத்துட்டே இருக்கும்.

வாசனை கேட்டவங்களுக்கு: செம! ரோஜாவுல இருக்கிற ஜெரானியால்ங்கிற வாசனைப் பொருள் இதுலயும் இருக்கு, கூட லேசா எலுமிச்சை வாடை.

சென்னை வெயிலுக்கு தாங்குமான்னா, ஹைப்ரிட் புதுசா பூத்தண்டு விடணும்னா சில வாரமாவது 25 டிகிரி பக்கம் குளிரணும், ஆனா இது போர்னியோ தீவோட தாழ்நிலக் காட்டுச் செடி, பூக்க குளிர் தேவையில்ல, ஈரப்பதம் தான் முக்கியம், நேர் வெயில் மட்டும் கூடாது. நடுக்குருத்துல தண்ணி தேங்கினா அழுகிடும், அதனால காலையிலயே ஊத்திடுறேன்.

வாங்குறவங்க லேபிள மட்டும் நம்பாதீங்க, 1995 வரைக்கும் இதையும் வயலேசியாங்கிற இதோட நெருங்கின ஆர்க்கிட்டையும் ஒரே இனம்னு தான் வச்சிருந்தாங்க, இன்னும் மாத்தி மாத்தி எழுதுறாங்க. பூவிதழ் ஓரம் பச்சையா, உள்பக்கம் ஊதாவா இருந்தா பெல்லினா.