கலிஃபோர்னியா நெட் நியூட்ராலிட்டி சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, சான் ஹோசேயில் இருக்கிறேன். கொஞ்ச நாளாக ராத்திரியானால் வீடியோ மட்டும் திணறுகிறது, ஸ்பீட் டெஸ்டில் முழு வேகம் காட்டுகிறது, விபிஎன் (என்ன பார்க்கிறோம் என்பதை இணைய நிறுவனத்திடமிருந்து மறைக்கும் மென்பொருள்) போட்டதும் அதே வீடியோ ஜோராக ஓடுகிறது. இணைய நிறுவனத்தைக் கேட்டால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்கிறார்கள் (வேறென்ன சொல்வார்கள்!).

எனக்குத் தெரிந்தவரை, 2017 டிசம்பரில் எஃப்சிசி (மத்திய தகவல்தொடர்பு ஆணையம்) நாடு முழுவதற்குமான நெட் நியூட்ராலிட்டி விதிகளை (இணைய நிறுவனம் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பவை) நீக்க முடிவெடுத்ததும் 2018-ல் முதலில் வாஷிங்டன் மாநிலம், அப்புறம் கலிஃபோர்னியா என்று சொந்தச் சட்டம் போட்டார்கள். இங்கே அது எஸ்பி 822. தளங்களைத் தடுப்பது, வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பது, காசு வாங்கிக்கொண்டு ஒரு தளத்துக்கு முன்னுரிமை தருவது, ஒரே வகைச் செயலிகளில் சிலவற்றை மட்டும் டேட்டா கணக்கில் சேர்க்காமல் விடுவது எல்லாமே தப்பு. இதை நிறுத்திவைக்கச் சொல்லி நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போய் 2022-ல் ஒன்பதாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றன. 2025 ஜனவரியில் ஆறாவது சர்க்யூட், எஃப்சிசி திரும்பக் கொண்டுவந்த விதிகளையும் ரத்து செய்துவிட்டதால் நமக்கு மாநிலச் சட்டம்தான் கதி.

ஆனால் நியாயமான நெட்வொர்க் பராமரிப்புக்கு அதில் விலக்கு உண்டு, அங்கேதான் நழுவிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். விபிஎன் வித்தியாசம் மட்டும் ஆதாரமாகுமா, இல்லை வெறும் பாதை நெரிசல் என்று தள்ளிவிடுவார்களா? எதையெல்லாம் பதிவு செய்து வைக்க வேண்டும்? புகாரை மாநில அட்டர்னி ஜெனரலுக்கு அனுப்பிப் பதில் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?