கிணற்றின் ஆழம் கேட்ட நிருபர்

"உங்கள் மனதில் நின்ற இணையச் செய்தி வேலை எது?" என்ற கேள்விக்கு வாசகர்கள் இருவர் எழுதியது.

குப்பனூரிலிருந்து:

2018 ஜூன். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுக்க அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த நேரம். ஐந்து மாவட்டம், 277 கிலோமீட்டர். சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்திலும், கிணற்றுக்கு நாலு முழம் தள்ளி ஒரு கல் நட்டார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். அப்பாவின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, "கொஞ்சம் அழுதுக்கிட்டே சொல்லுங்கய்யா" என்றார் ஒருவர். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்புறம் ஒரு நாள், தேசிய அரசியலை எழுதும் ஒரு சின்ன இணையத்தளத்துக்காக ஒரு பெண் வந்தார். பஸ்ஸில் இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தார். சிட்டாவைக் கேட்டு வாங்கினார். அரசிதழில் வந்த சர்வே எண்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார். விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். மூன்று மணி நேரம். "சாப்பிட்டுப் போ கண்ணு" என்று அப்பா சொன்ன ஒரே நிருபர் அவர்தான்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "கிணறு எத்தனை அடி? நீங்கள் அறுபது என்றீர்கள், உங்கள் அப்பா எழுபது என்றார்." அப்பா கயிறு விட்டு அளந்தார். 63 அடி. கட்டுரையிலும் 63 என்றே வந்தது. ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்ததைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் திருத்தி, என்ன தப்பு இருந்தது என்பதையும் அடியில் குறிப்பாகப் போட்டிருந்தார்கள்.

நிலம் எடுத்ததை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடரலாம் என்றதும், வாட்ஸ்அப்பில் "நிலம் போச்சு" என்று வரிசையாக வந்தது. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நான் பார்த்த வரை அந்தத் தளத்தில் மட்டும்தான் தீர்ப்பை முழுசாகப் படித்து எழுதியிருந்தார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ என்பது நிலத்தை எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்புதான். 3டி வந்தால்தான் நிலம் அரசுக்குப் போகும். 3ஏ-வை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியதை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை, பழையபடி மாற்றச் சொன்னது. இங்கிலீஷில் இருந்ததை நான் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா கேட்டார். "அப்போ பட்டா நம்ம பேர்லதான் இருக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சோறு போடச் சொன்னார்.

அந்த மாசம் அந்தத் தளத்துக்குச் சந்தா கட்டினேன், இன்று வரை கட்டுகிறேன். இப்படி எழுதுவது தமிழிலும் நிறைய வர வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அன்று நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாபேட்டையிலிருந்து:

என் மனதில் நின்றது தேர்தல் பத்திரச் செய்தி. கட்சிக்கு நன்கொடை கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாதபடி, வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் பத்திரம் அது. 2018இல் தி குவிண்ட் தளத்தின் பூனம் அகர்வால், ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் இரண்டு வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற ஊதா வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு எண் தெரிந்தது. இரண்டாயிரம் ரூபாயில் கண்டுபிடித்த விஷயம்! 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் போட்ட பட்டியலில் வாங்கியவர்கள் தனி, கட்சிகள் தனி. யார் பணம் எந்தக் கட்சிக்கு என்பது, ஒரு வாரம் கழித்து, இரண்டு பட்டியலையும் இணைக்கும் அந்தப் பத்திர எண்கள் வெளிவந்த பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி தறிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் நானும் தம்பியும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைத் தேட ஆரம்பித்தோம். விடிந்து தறி ஓட்ட ஆள் வரும்போது முந்நூறு வரிகூடத் தாண்டவில்லை. நியூஸ்லாண்டரி, ஸ்க்ரோல், தி நியூஸ் மினிட் என்ற மூன்று செய்தித் தளங்களும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து இதே வேலையைச் செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் கண் எரிய எரியப் புரிந்தது.