போனில் பெயர் சொல்லும்போது மட்டும் திக்குகிறது

கேள்வி: வயது 27. நண்பர்களிடம் சரளமாகப் பேசுவேன். போனில் "பிரபு பேசுறேன்" என்றால் 'பி'யிலேயே உதடு பூட்டிக்கொள்கிறது. மூச்சை நன்றாக இழுத்துவிட்டுப் பேசினால் இன்னும் மோசம். ஏன்?

பதில் 1: மூச்சை நிறைய இழுத்ததும் குரல்நாண்கள் மூடி அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும், அடைப்பு அங்கேயே ஆரம்பிக்கலாம். சாதாரண மூச்சே போதும். காற்று வெளியேறத் தொடங்கிய பிறகு, உதடுகள் பட்டும் படாமலும் தொட்டு 'பி' சொல்லுங்கள். கண்ணாடி முன் பழகினால் உதடு இறுகுவது கண்ணுக்கே தெரியும். மற்ற சொல்லில் சிக்கினால் வேறு சொல்லுக்குத் தாவிவிடுவோம், பெயருக்கு அந்த வழியில்லை.

பதில் 2: அப்படியும் திக்கும். திக்குவாய்ச் சிகிச்சையில் பெயர்பெற்ற அமெரிக்கப் பேச்சு நிபுணர் சார்லஸ் வான் ரைப்பரின் முறையில், திக்கிய சொல்லை முதலில் முடிக்க வேண்டும். மூன்று நொடி நிறுத்தி, அதையே தளர்வாகத் திரும்பச் சொல்ல வேண்டும். "ஹலோ, கேக்குதா?" என்பார்கள், கேட்கட்டும். இது கைவந்த பிறகுதான் அடுத்தது: அடைப்பின் நடுவிலேயே, பின்வாங்காமல், அழுத்தத்தை மெல்லக் குறைத்து வெளியே வருவது. பலரும் முதல் படியைப் பழகாமலே தாண்டிவிட்டு, பலனில்லை என்கிறார்கள். கடைக்கு போன் போட்டு விலை கேட்கும் சாக்கில், வேண்டுமென்றே "பி-பி-பிரபு" என்று இலகுவாகத் திக்கியும் பாருங்கள், பயம் குறையும்.

பதில் 3: நாக்குக்கடியில் வெட்டினால் திக்குவாய் போய்விடும் என்பவர்களிடம் போகாதீர்கள். ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மெதுவாக வாசிக்க வைப்பதோடு நிறுத்துகிறவர் என்றால் அறைக்குள் சரளம் வரும், போனில் வராது. நிஜ அழைப்புகளைப் பயிற்சியில் சேர்ப்பாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.