பழைய என்ஜினில் இன்னும் கொஞ்சம் இழுவை: உறுப்பினர்களின் அனுபவங்கள்

மைனர்க்காரர்:

என்னிடம் இருப்பது 948 சி.சி. என்ஜின் பொருத்திய மாரிஸ் மைனர் 1000. 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சி.சி. அளவில் அறிமுகமான ஏ சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த என்ஜின், 1956இல் மைனருக்கு வந்தபோது 37 குதிரைத்திறன் கொண்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் காருக்காக இதே 948 சி.சி. என்ஜினில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் வலுவான வால்வு ஸ்பிரிங்குகளையும் பொருத்தி 43 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள். தயாரித்தவர்களே ஆறு குதிரைத்திறனைக் கூட்டுவதோடு நின்றுகொண்டார்கள் என்பதை நினைவில் வைத்தால், வீட்டுக் கொட்டகையில் நாம் செய்யும் வேலையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும்.

என் அனுபவத்தில், புதிதாகத் திறனைச் சேர்ப்பதற்கு முன் காணாமல் போன திறனைத் தேடி எடுக்க வேண்டும். அதனால் கம்ப்ரஷன் சோதனையில்தான் தொடங்கினேன். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டேன். இந்தச் சோதனையில் எண்கள் எவ்வளவு உயரமாக இருக்கின்றன என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தது. பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளந்தபோதும் அது ஏறவில்லை. ஏறியிருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம், ஏறாததால் கசிவு வால்வில் என்று தெளிந்தது. ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) இறக்கி, வால்வுகளை அரைத்து அவற்றின் இருக்கைகளில் பொருந்தச் செய்து, டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலான இடைவெளியை, குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலமாக, அதாவது ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டராக வைத்தேன்.

அடுத்தது, பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட்டையும் கண்டென்சரையும் ஆண்டுதோறும் மாற்றுகிறவர்கள் கூட, அவற்றின் அடியில் சுழலும் தண்டும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை. தண்டு ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேறுபடும். டைமிங் லைட்டைப் பிடித்தால் புல்லியின் குறி ஓரிடத்தில் நிற்காமல் அலையும். வேக்குவம் டயாபிரம் கிழிந்திருந்தாலோ, பாதி ஆக்சிலேட்டரில் ஒரே சீராக ஓட்டும்போது கிடைக்க வேண்டிய அட்வான்ஸ் (பிளக்கின் பொறி சற்று முன்கூட்டியே எழுவது) கிடைக்காமல் பெட்ரோல் வீணாகும். குழாயில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்னும்போது, இதைச் சோதிக்காமல் புதிய கார்புரேட்டர் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

எஸ்.யூ. கார்புரேட்டரில் நான் கவனித்தவை இரண்டு. த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று உள்ளே கசிந்தால், கலவைத் திருகைத் திருகித் திருகி ஐட்லிங்கைச் சீராக்க முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை. ஸ்பிண்டிலையும் புஷ்ஷையும் மாற்றுவது ஒன்றே வழி. மற்றொன்று, மேலே உள்ள டேம்பரில் ஊற்றும் ஆயில். அது வற்றினால் ஆக்சிலேட்டரை மிதித்த கணத்தில் உள்ளிருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பி, கலவை மெலிந்து, என்ஜின் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் இழுக்கும். எஸ்.ஏ.இ. 20 ஆயிலைச் சிறிது ஊற்றியதும் அந்தத் தயக்கம் மறைந்தது. இந்த முயற்சியில் மிகக் குறைந்த உழைப்பில் கிடைத்த பலன் இதுதான்.

இவ்வளவுக்கும் பிறகே மேம்பாடு என்று சொல்லத்தக்க வேலைக்கு வந்தேன். ஏ சீரிஸ் ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இன்லெட் போர்ட்டுகள் (கலவை உள்ளே செல்லும் வழிகள்) இரண்டே. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்திலும் நடு இரண்டு சிலிண்டர்கள் ஒரே போர்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. இப்படிப் பகிர்ந்துகொள்ளும் வழியில், மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருமிடத்தில் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் இழப்பு அதிகம். கேஸ்கட்டை அச்சாக வைத்துக் கோடு கீறி, துருத்திய பகுதியை மட்டும் அரைத்து எடுத்தேன். கண்ணாடி போல் பளபளக்க வைப்பது பார்வைக்கு அழகே தவிர, இன்லெட் பக்கத்தில் அதற்குத் தேவை இல்லை. காற்று வடிகட்டிக்கு ரேடியேட்டரின் பின்னாலிருக்கும் சூடான காற்று செல்லாதபடி, முன்பக்கத்திலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்தேன். காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். காற்றோட்டம் கூடியதால், கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைச் சற்றுச் செறிவான கலவை தருவதாக மாற்ற வேண்டியிருந்தது; பிளக்குகளின் நிறத்தைப் பார்த்தே அதைத் தேர்ந்தேன். முன்பு மூன்றாம் கியருக்கு இறக்கினால் மட்டுமே ஏறிய ஏற்றத்தில் இப்போது டாப் கியரிலேயே வண்டி ஏறுகிறது.

கருவிப்பெட்டி:

மைனர்க்காரர் கம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) தொடவில்லை, நான் தொட்டேன். என்னுடையதும் 948 சி.சி. என்ஜின்தான். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சி.சி. விகிதம் 8.3 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எஞ்சும் இடம் 237ஐ 7.3ஆல் வகுத்தால் கிடைக்கும் 32.5 சி.சி. அதையே 9 ஆக்க வேண்டுமானால் 237ஐ 8ஆல் வகுக்க வேண்டும். எஞ்சும் இடம் 29.6 சி.சி. ஆக, ஒவ்வோர் அறையிலிருந்தும் 2.9 சி.சி. குறைய வேண்டும். ஹெட்டைத் தலைகீழாக, மட்டம் பார்த்து வைத்து, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயை விட்டு அறையின் முழுக் கொள்ளளவை முதலில் அளந்தேன். பிறகு அதிலிருந்து 2.9 சி.சி. குறைத்து ஊற்றி, ஹெட்டின் முகத்திலிருந்து திரவத்தின் மட்டம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்தேன். அந்த ஆழமே சீவ வேண்டிய அளவு. யாரோ எங்கோ எழுதிய எண்ணை லேத் பட்டறையில் சொல்லிவிட்டு வருவதைவிட இது நம்பகமானது. ஏற்கெனவே ஒருமுறை சீவப்பட்ட ஹெட்டுகள் ஏராளம்.

கோட்பாட்டுக் கணக்கின்படி இதனால் வெப்பத்திறன் கூடுவது இரண்டு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனாலும் தாழ்ந்த சுழற்சி வேகத்தில் பிக்கப் தெளிவாகத் தெரிகிறது. இந்த என்ஜினையே 7.2 விகிதத்திலும் விற்றார்கள். அக்காலத்தில் பல இடங்களில் கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் தாழ்ந்தது என்பதுதான் காரணம். இன்று ஆக்டேன் உயர்ந்திருப்பதால் 9 தாங்கும். எனினும் ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் ஏறும்போது உலோகம் கிணுகிணுக்கும் ஓசை (நாக்கிங்) கேட்டது; பொறி எழும் டைமிங்கை இரண்டு டிகிரி பின்தள்ளியதும் நின்றது.

ஹெட்டை இறக்கியபோதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகளைப் பதித்துவிட்டேன். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம், வெறும் வார்ப்பிரும்பாலான இருக்கைகளைக் காத்து வந்தது. ஈயமற்ற பெட்ரோலில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் அந்த இருக்கைகள் அரிக்கப்பட்டு வால்வு உள்ளே அமிழும். டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருவதுதான் அதன் அடையாளம். எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கோ ஏறத்தாழ 9 பங்கே போதும். ஆகவே பழைய அமைப்பிலேயே விட்ட கார்புரேட்டர் அந்த எரிபொருளில் மெலிந்த கலவையைத் தரும். விகிதத்தை உயர்த்திய என்ஜினில் மெலிந்த கலவை எக்ஸாஸ்ட் வால்வைக் கருக்கிவிடக்கூடும் என்பதால் ஊசியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் ஊறவைத்து உதிரச் செய்யும்.

பக்கவால்வு:

மேலே உள்ளவை, வால்வுகள் ஹெட்டில் இருக்கும் ஓவர்ஹெட் வால்வு என்ஜினுக்குப் பொருந்தும். என்னிடம் இருப்பது 747 சி.சி. ஆஸ்டின் செவன், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குபவை இரண்டே பேரிங்குகள் (மூன்றாவது வந்தது 1936இல்). இது வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருக்கும் பக்க வால்வு என்ஜின். இதில் விகிதத்தை உயர்த்த ஹெட்டைச் சீவச் சீவ, வால்வுக்கு மேலிருந்து சிலிண்டருக்குக் கலவை செல்லும் வழியே குறுகிவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் உயர்ந்த அழுத்தத்தால் கிடைப்பதைக் குறைந்த மூச்சு தின்றுவிடும். மேலும், இரண்டு பேரிங்குகளுக்கிடையே கிராங்க் வளைந்துகொடுக்கும். கனெக்டிங் ராடுகள் கிராங்கைப் பற்றும் இடத்திலுள்ள வெண்ணுலோக பேரிங்குகள் (பிக் எண்ட்கள்) நாக்கிங்கைப் பொறுக்காது. அதனால் நான் விகிதத்தை விட்டுவிட்டு, பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் வைத்துச் சம எடைக்குக் கொண்டுவந்தேன். திறன் கூடியதாகச் சொல்ல முடியாது, ஆனால் முன்பு அதிர்வுக்கு அஞ்சி ஆக்சிலேட்டரைத் தளர்த்திய வேகத்தில் இப்போது நிதானமாக ஓட்டிச் செல்கிறேன்.

மைனர்க்காரர்:

எடை சமன் செய்தது பற்றி எழுதியதற்கு நன்றி. பேரிங் மாற்றும்போது நானும் அதைச் செய்ய எண்ணியிருக்கிறேன். கருவிப்பெட்டிக்கு ஒரு குறிப்பு: ஹெட்டைச் சீவிய பின் புஷ் ராடுகள் அந்த அளவுக்கு நீளமானவையாகிவிடுவதால், ராக்கர் வால்வின் தலையை எந்த இடத்தில் தொடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். தொடும் இடம் ஓரத்துக்கு நகர்ந்திருந்தால், ராக்கர் தாங்கிகளின் அடியில் தகடு வைத்து உயர்த்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் வால்வு கைடு ஒருபக்கமாகத் தேயும்.