உதட்டில் திரும்பத் திரும்ப வரும் அக்கி: கடலையை விட்டால் தீருமா?

ஏற்காடு வாசகி:
வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை செய்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, பெரும்பாலும் அறுவடைக் காலத்தில், கீழுதட்டின் அதே ஓரத்தில் முதல் நாள் எரிச்சலும் மறுநாள் கொத்தாக நீர்க்கொப்புளங்களும் வருகின்றன. தோல் மருத்துவர் இது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸால் வருவது என்று உறுதிசெய்துவிட்டார். என் பாட்டியோ குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார். கடலை போன்றவை இந்த வைரஸை வளர்க்கும், லைசின் என்னும் புரதக்கூறு அதைத் தடுக்கும் என்று படித்ததால், நான் நிலக்கடலை, எள், தேங்காய் மூன்றையும் நிறுத்திவிட்டு, நாளுக்கு 500 மில்லிகிராம் லைசின் மாத்திரை எடுத்து வருகிறேன். ஆனாலும் ஐந்து மாதத்தில் இரண்டு முறை வந்துவிட்டது. சட்னி தடவித் தரும் தட்டுவடை செட்டைக்கூடத் தொடாமல் இருப்பதில் பலன் ஏதேனும் உண்டா?

சேலம் மருந்தாளுநர்:
நீங்கள் படித்த கருத்துக்கு அடிப்படை உண்டு. இந்த வைரஸ் பெருகுவதற்கு ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) தேவை என்பதும், லைசின் அதனோடு போட்டியிடும் என்பதும் ஆய்வகச் செல்களில் காணப்பட்டவை. நூறு கிராம் நிலக்கடலையில் ஆர்ஜினின் ஏறத்தாழ 3 கிராமும் லைசின் 1 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கின்றன. பாலிலும் தயிரிலும் லைசினே மிகுதி. ஆனால் நம் சிறுநீரகமே ஆர்ஜினினைத் தயாரித்துக்கொள்வதால், சட்னியை ஒதுக்குவதால் மட்டும் உடலில் அது வற்றிப்போவதில்லை. நாளுக்கு 3 கிராம் லைசின் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த 1987-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று பலன் காட்டியது உண்மைதான். எனினும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வில், தடுப்புக்கு லைசின் உதவுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. உங்களுடைய 500 மில்லிகிராமோ அந்த ஆய்வின் அளவில் ஆறில் ஒரு பங்கு. அதற்காக நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை எரிச்சல் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்வது, கடலையை விடுவதைவிட நல்ல ஏற்பாடு.

ஆத்தூர் வாசகர்:
எனக்கும் பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தொல்லை உண்டு. உண்டது, உறங்கியது, வெயிலில் நின்றது எல்லாவற்றையும் ஓராண்டு குறித்துவைத்ததில், எனக்குக் காரணம் காய்ச்சலும் வெயிலும் என்று தெரிந்தது. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் உறங்கும் வைரஸைப் புற ஊதாக் கதிர் எழுப்பிவிடும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது, ஆனால் அங்கே அந்தக் கதிர் சேலத்தைவிடக் கூடுதல். பறிப்பவர்கள் மர நிழலில் நிற்கிறார்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், அம்மா?

ஓமலூர் வாசகி:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கொப்புளம் இருக்கும்போது கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கு இந்த வைரஸ் உயிராபத்தாகும். கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்காடு வாசகி:
அனைவருக்கும் நன்றி. ஐயா கேட்ட கேள்விதான் என்னைக் குடைகிறது. இரண்டு முறையும், காபி காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் தொப்பியில்லாமல் நாள் முழுக்க நின்ற வாரத்தில்தான் வந்தது. மாத்திரைக்கான சீட்டைத் திங்களன்று வாங்கிவிடுகிறேன். வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 அளவு உள்ள உதட்டுப் பசை மலைமேலேயே கிடைக்குமா, கீழே இறங்கித்தான் வாங்க வேண்டுமா?