கிரவுண்டட்: உங்களை முதலில் கொன்ற பூச்சி எது?

மஞ்சக்குப்பம்:

கேள்வி ஒன்றுதான். கிரவுண்டட்டில் உங்களை முதலில் சாகடித்தது எந்தப் பூச்சி, எந்த நிலைமையில்? ‘ஆடினேன், நல்லா இருந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகாதீர்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: அப்சிடியன் நிறுவனம் செய்த வீடியோ விளையாட்டு. நான்கு சிறுவர்களை எறும்பு அளவுக்குச் சுருக்கி ஒரு வீட்டுக் கொல்லையில் விட்டுவிடுவார்கள். தண்ணீர், சோறு, கூரை எல்லாம் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். 2020 ஜூலை 28 அன்று ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுதாகச் செய்து முடிக்கும் முன்பே ஆடக் கொடுக்கும் வடிவில் வந்தது, முழு வடிவம் 2022 செப்டம்பர் 27-இல்தான். நான் சொல்வது அந்த முதல் ஆடி, ஆவணி மாதக் கதை. அப்போது கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு மர்ம இயந்திரத்தைச் சரிசெய்து, ஓக் மரத்தடியில் பர்கிள் என்ற ரோபோவைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான். அதற்கப்புறம் உயிரோடு இருப்பது மட்டும்தான் வேலை. எனக்கு அதுதான் பிடித்தது என்பது வேறு விஷயம்.

நானும் முத்தியால்பேட்டையில் இருக்கும் மாமா பையனும் சேர்ந்து ஆடினோம். ஊரடங்கில் இரண்டு பேரும் வீட்டோடு. கூழாங்கல்லைக் கட்டிக் கோடரி செய்து, புல்லை வெட்டிச் சாய்த்து, பலகையாக்கித் தோளில் அடுக்கிச் சுமந்துகொண்டு வந்தோம். சுவர் எழுப்பி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எனக்குத் தாகம். புல் நுனியில் ஒரு பனித்துளி தொங்கியது, என் தலையைவிடப் பெரியது. கல்லெறிந்தால் உதிரும். எறிந்தேன், உதிர்ந்தது, குடித்தேன். நிமிர்ந்தபோது இரண்டு புல்லுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு தண்டு இருந்தது. ரோமம் முளைத்த தண்டு. அது அசைந்தது.

ஓநாய்ச் சிலந்தி. ஓடக்கூட நேரம் கிடைக்கவில்லை. கடித்தது, விஷம் ஏறியது, ஆள் காலி. செத்தால் மூட்டை செத்த இடத்திலேயே கிடக்கும், திரும்பப் போய்த்தான் எடுக்க வேண்டும். போனால் அந்தச் சனியன் மூட்டைக்குப் பக்கத்திலேயே உலாத்திக்கொண்டிருக்கிறது. மாமா பையன் எடுத்துத் தருகிறேன் என்று வீரமாகப் போனான். அவன் மூட்டையும் அங்கேயே சேர்ந்துவிட்டது.

அப்புறம் எப்படி எடுத்தோம் என்றால், உச்சிவெயிலில். ஓநாய்ச் சிலந்தி வலை கட்டி உட்கார்ந்து பிடிக்கிற ஜாதி இல்லை, ராத்திரியில் ஓடிப்பிடிக்கிற ஜாதி என்பது எனக்கு முன்பே தெரியும். எங்கள் வீட்டுக் கொல்லையில் நிறைய உண்டு. இருட்டில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோரமாகப் பிடித்துத் தரையைப் பாருங்கள். புல்லுக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக மின்னும். அத்தனையும் அதன் கண்கள். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் வெளிச்சம் வந்த வழியிலேயேதான் திரும்பிப் போகிறது. விளையாட்டிலும் இது பகலில் பொந்தில் தூங்கும், இருட்டினால் கிளம்பும். அதை நம்பி மத்தியானம் போனோம், இரண்டு மூட்டையும் கைக்கு வந்தது. கொல்லையில் பூச்சி பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த விளையாட்டு பாதி எளிது என்பது என் கட்சி.

லாஸ்பேட்டை:

எனக்கு எட்டுக்கால் பூச்சி என்றாலே ஆகாது. குளியலறையில் ஒன்று இருந்தால் குளிக்காமல் வேலைக்குப் போகிற ஆள் நான். பையன்தான், ‘அம்மா, இதில் பயப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வசதி இருக்கிறது’ என்று உட்கார வைத்தான். உண்மைதான், தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அமைப்புகளில் ஒரு அளவுக்கோடு இருக்கும், அதன் குமிழை இழுத்துக்கொண்டே போனால் சிலந்திக்கு முதலில் கால்கள் போகும், அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் வெறும் உருண்டைகளாக அந்தரத்தில் மிதக்கும்.

கடைசி அளவு வரை இழுத்து வைத்துத்தான் ஆடினேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், உருண்டைக்கும் அதே உறுமல் சத்தம், அதே கடி. முகமில்லாத ஒன்று காற்றில் வழுக்கிக்கொண்டு வந்து கடித்தால் அது இன்னும் மோசம். ஒரு வாரம் போல ஆடிவிட்டு அளவைப் பாதிக்குக் கொண்டுவந்தேன், கால் இல்லாத உடம்பு. அது பரவாயில்லை. பாதி அளவில் வைத்து ஆடச் சொல்லித்தான் என்னைப்போல் பயப்படுகிறவர்களுக்குச் சொல்வேன்.

என்னை முதலில் சாகடித்தது சிலந்தி இல்லை. புல்தரையில் சிவப்பாக உருண்டையாகக் குதித்து வருமே, அந்த மைட், சிற்றுண்ணி. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது தொடக்கக்காரர்கள் அடித்துப் பழகுகிற ஜீவன். எனக்குக் கை ஓங்கவே மனம் வரவில்லை. சின்ன வயதில் ஏர்போர்ட் பக்கம் செம்மண்ணில் முதல் மழைக்கு அடுத்த நாள் பட்டுப்பூச்சி பொறுக்குவோம். இரத்தச் சிவப்பு, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும், காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். தீப்பெட்டியில் புல் போட்டு வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட அதே உருவம் என் முகத்தில் பாய்ந்து கடித்தால் நான் என்ன செய்வேன்? பையன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

பண்ருட்டி:

தம்பி மஞ்சக்குப்பம் சொல்வதில் பாதிதான் சரி. பூச்சி தெரிந்தவனுக்கு இது எளிதும்தான், எரிச்சலும்தான். எங்களுக்கு முந்திரியும் அவரைக்கொடியும் உண்டு. பூச்சியோடுதான் பிழைப்பு. அதனால் என் வழக்கை வைக்கிறேன்.

முதல் வழக்கு பொறிவண்டு. தானுண்டு தன் வேலையுண்டு என்று போகும், நாம் சீண்டாதவரை ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் ஓட்டில் கவசம் செய்யலாம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டு கொழுந்தெல்லாம் சுருண்டு நிற்கும்போது, மருந்தடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில் பொறிவண்டுப் புழுக்கள் வந்து வழித்துத் தின்பதை ஒரு தடவை பார்த்தவன் அதை அடிக்கமாட்டான். என்னை முதலில் கொன்றது அதுதான். என்னோடு ஆடியவன் அடித்த அடிக்கு அது என்மேல் பாய்ந்தது. முட்டினால் லாரி. தப்பு அதன்மேல் இல்லை.

இரண்டாவது கூன்வண்டு. விளையாட்டில் அப்பாவியாகக் காளான் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கும், பிடித்துச் சுட்டுத் தின்னலாம். தென்னை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். சிவப்புக் கூன்வண்டு மரத்துக்குள் முட்டையிட்டால் புழு உள்ளேயே குடைந்து தின்று, குருத்து சாய்கிறவரை வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் குடும்பத்தை இவ்வளவு சாதுவாகக் காட்டியிருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவதுதான் பெரியது. வட்டவலைச் சிலந்தி பட்டப்பகலில் தரையில் ரோந்து போகிறது, நம்மைப் பார்த்துத் துரத்துகிறது! நிஜத்தில் அதற்குக் கண் பார்வை ரொம்ப மட்டம். வலையின் அதிர்வுதான் அதற்கு எல்லாம். வலையைவிட்டு இறக்கித் தரையில் விட்டால் தடுமாறும். அதை ராணுவ ஜவான் மாதிரி நடக்கவிட்டது சுத்த அபத்தம்.

பாராட்டவும் ஒன்று உண்டு. பாம்பார்டியர் வண்டு பின்பக்கத்திலிருந்து சுடச்சுடப் பீய்ச்சுமே, அது கற்பனை இல்லை. வயிற்றில் ஹைட்ரோகுயினோன் ஒரு பையில், ஹைட்ரஜன் பெராக்சைடும் அதோடு. மிரண்டால் அந்தக் கலவையை நொதி இருக்கிற அறைக்குத் தள்ளும். நொடியில் கொதித்து, ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் சத்தத்தோடு வெளியே வரும். இதை விளையாட்டில் வைத்தவன் படித்தவன்தான்.

கடலூர் முதுநகர்:

கொசு. ஆளுயரக் கொசு வந்து ரத்தம் உறிஞ்சியது. துறைமுகத்துப் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவைத்துப் பழகியவனுக்கு அது பயமாகவே இல்லை, பழைய பகைதான் பெரிதாக வந்திருக்கிறது என்று நின்றுவிட்டேன். நிற்கக் கூடாது. பிறகு அதன் ஊசியையே பிடுங்கி வாள் செய்துகொண்டேன். குத்தினால் நம் உயிர் ஏறும். இவ்வளவு நிம்மதியான பழிவாங்கல் வேறு எந்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

விளையாட்டில் குளம் வந்த பிறகு கோய் மீன் ஒரே வாயில் விழுங்கியது. அது பூச்சி இல்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

மஞ்சக்குப்பம்:

பண்ருட்டி அண்ணே, வட்டவலைச் சிலந்தி விஷயத்தில் நீங்கள் சொல்வது மறுக்க முடியாதது. எங்கள் வேலியில் அது எக்ஸ் மாதிரிக் கோலம் போட்டுத் தலைகீழாக உட்கார்ந்திருக்கும், நாள் முழுக்க அசையாது. ஆனால் அப்படியே வைத்தால் யார் அதனிடம் மாட்டுவார்கள்? வலைப்பக்கம் போகாமல் சுற்றிப்போய்விடலாமே. பகலிலும் ஒரு பயம் வேண்டும் என்று இறக்கிவிட்டிருக்கிறார்கள். பொறிவண்டுக்கு உங்களோடு நிற்கிறேன். கவசம் போட்டிருக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

அரியாங்குப்பம்:

யாரும் குழியானையைச் சொல்லவில்லையா? மணல்பெட்டிப் பக்கம் போகவே இல்லையா? 2021 கடைசியில் வந்த அப்டேட் அது. பகலில் மணலில் கால் வைத்தால் சூட்டில் உயிர் குறையும், நிழல் விட்டு நிழல் ஓட வேண்டும். அப்படி ஓடும்போது மணலுக்குள்ளிருந்து கொடுக்கு இரண்டும் வெளியே வந்தது.

எங்கள் பழைய வீட்டுத் திண்ணையோரம், இறவாணத்துக்கு உள்பக்கமாக, மழை படாத புழுதியில் குழிகுழியாக இருக்கும். புனல் மாதிரிச் சின்னக் குழி, அடியில் குழியானை. எறும்பை உள்ளே விட்டால் ஏறப் பார்க்கும், மணல் சரியும், கீழேயிருந்து மணலை வாரி எறும்புமேல் எறியும். சறுக்கி விழுந்ததும் கவ்வும். நாங்கள் எத்தனை எறும்பை அப்படிப் பலிகொடுத்திருப்போம்! கையில் எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்னாலேயே நடக்கும், முன்னால் நடக்கத் தெரியாது. அது வளர்ந்து தட்டான் மாதிரிச் சிறகோடு பறக்கும் என்பது கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது.

விளையாட்டில் எறும்பு இடத்தில் நான். குழியில் காத்திருக்கிற வேலையெல்லாம் இல்லை, நேராக எழுந்து துரத்துகிறது. பண்ருட்டி அண்ணன் கணக்கில் இதுவும் ஒரு வழக்கு. ஆனால் அதை அடித்து அதன் ஓட்டில் கவசம் செய்தால் மணல் சூடு தாங்கும். அதற்காகவே திரும்பத் திரும்பப் போய்ச் செத்தேன்.

முத்தியால்பேட்டை:

மூட்டைக் கதையில் வருகிற மாமா பையன் நான்தான். வீரமாகப் போனது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ‘போடா மச்சான், அது தூங்குது’ என்று அனுப்பியது யார் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறான்.

எங்களுக்கு நடந்ததில் பெரியது நிவர் புயல் சமயத்தில். 2020 நவம்பர் 25 இரவு. அப்போதெல்லாம் கிரவுண்டட்டில் உலகம் ஒருவருடைய மெஷினில்தான் இருக்கும், எங்களுடையது என்னிடம். நான் வராவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது. அப்போதுதான் குளம் புதிதாக வந்திருந்தது. தண்ணீருக்குள் காற்றுக்குமிழி கட்டி வாழ்கிற சிலந்தி ஒன்று அதில் உண்டு, நிஜத்திலும் ஐரோப்பாப் பக்கக் குளங்களில் இருக்கிறது. அதனிடம் நாங்கள் இரண்டு பேரும் குளத்தின் அடியில் மாட்டிக்கொண்டு, மூச்சு முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. வெளியே காற்று ஊளையிடுகிறது, எதிர்வீட்டுத் தகரம் பறக்கிற சத்தம் கேட்கிறது, இவன் கடலூரிலிருந்து போன் போட்டு, ‘உள்ளே என் ஈட்டி இருக்குடா’ என்கிறான். புயல் எங்கள் பக்கம் கரையேறியது விடியும் முன். கரண்ட் வந்து உலகத்தைத் திறந்தால் சிலந்தியைப் பார்ப்பதற்கு முந்தைய சேமிப்பில் நிற்கிறோம், ஈட்டியோடு.

முழு வடிவத்தோடு பகிர்ந்துகொள்ளும் உலகம் வந்தபிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

லாஸ்பேட்டை:

இரண்டாம் பாகம் ஆடுகிறீர்களா யாராவது? 2025 ஜூலை 29-இல் வந்தது, அதுவும் ஏர்லி ஆக்சஸ்தான். கொல்லை போய்ப் பூங்கா வந்துவிட்டது. சிவப்பெறும்பின் முதுகில் ஏறிச் சவாரி போகலாம் என்று பையன் சொல்கிறான். வட்டவலைச் சிலந்தியிலும் ஏறலாமாம். நான் எறும்போடு நிறுத்திக்கொள்வேன்.

பண்ருட்டி:

சிலந்தியில் சவாரியா? சரி, என் வழக்குப் பட்டியலை நீட்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு மேல் நான் வரலாம், ஆட்கள் போதுமா?

மஞ்சக்குப்பம்:

நீங்கள், அக்கா, இவன், நான். நாலு பேர் கணக்கு சரி. அரியாங்குப்பமும் முதுநகரும் அடுத்த வாரம். அண்ணே, ஒரே ஒரு நிபந்தனை: பொறிவண்டுக் கவசம் போட்டவனைத் திட்டக் கூடாது.